உயரமும் உயர்வும்

பாடசாலைகளில் காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவது நெடுங்கால வழக்கம். குட்டையான பிள்ளைகள் முன்னே நிற்பர். நெட்டையான பிள்ளைகள் பின்னே நிற்பர். முன்னே நிற்கும் பிள்ளையின் முகத்தை ஆசிரியர் நாள்தோறும் காண்கிறார். பின்வரிசையின் கடைசியில் நிற்கும் உயரமான சிறுமியோ தோளைக் குறுக்கி, முதுகைச் சற்றே வளைத்து, தன் தலை பிறர் தலைக்கு மேலே தெரியாதபடி நிற்கப் பழகிக்கொள்கிறாள். அவ்வாறு நிற்கும்படி அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சுற்றியுள்ளோர் பேசும் பேச்சே அதைக் கற்பித்துவிடுகிறது.

தெமோதரை, ஹாலி-எல, பதுளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் இந்தப் பாடத்தைக் கற்பிக்க ஏதுக்கள் பல உண்டு. பழைய லயங்களின் நிலைவாசல்கள் தாழ்ந்தவை. உயரமான பிள்ளை தன் வீட்டினுள் நுழையவே தலைகுனிய வேண்டும். இடுப்பளவில் கவ்வாத்துச் செய்யப்பட்ட தேயிலைச் செடியில் கொழுந்து எடுப்பதற்கு உயரமான உடம்பு பிறரிலும் கூடுதலாகக் குனிய வேண்டும். பாதையில் நடந்தால் பனை என்பர், ஏணி என்பர், கொக்கு என்பர். இவளுக்கேற்ற மாப்பிள்ளையை எங்கே தேடுவது என்று உறவினர் கவலைப்படுவர். உயரம் ஒரு குற்றம் என்று அவளிடம் நேராகச் சொன்னவர் எவருமிலர். ஆயினும் அவள் அவ்வாறே எண்ணி வளர்கிறாள்.

உடலின் உயரம் இயற்கை தருவது. அதை வாழ்வின் உயர்வாக மாற்றித் தருவது எது? இவ்வினாவுக்கு விடை தேட இருவர் வரலாறு நமக்கு உதவும். ஒருவர் பிரான்சு நாட்டு இளைஞர். மற்றவர் நம் நாட்டின் வடக்கே பிறந்த தமிழ்ப் பெண்மணி. முன்னவரைச் சுருக்கமாகவும் பின்னவரை விரிவாகவும் காண்போம்.

விக்டர் வெம்பன்யாமா என்னும் இளைஞர் 2004ஆம் ஆண்டு சனவரி மாதம் பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள லெ செஸ்னே என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தை கொங்கோ நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர், முப்பாய்ச்சல் வீரர். தாய் கூடைப்பந்தாட்டம் ஆடியவர்; அதைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்தவர். மூத்த சகோதரியும் கூடைப்பந்தாட்ட வீராங்கனையே. பத்து வயதளவில் நான்தேர் என்னும் ஊரின் கழகத்தில் சேர்ந்த சிறுவர், பதினைந்தாம் வயதிலேயே, 2019இல், தொழில்முறை ஆட்டத்தில் களம் இறங்கினார். 2023ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் வீரர் தெரிவில், சான் அன்ரோனியோ நகரின் அணி அவரை முதலாமவராகத் தெரிவு செய்தது. அடுத்த ஆண்டே புதுமுக வீரருள் சிறந்தவர் என்ற பட்டம், வாக்களித்தோர் அனைவரின் ஒருமித்த முடிவாக, அவருக்குக் கிடைத்தது. 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 98க்கு 87 என்ற கணக்கில் பிரான்சை வென்றது. தோற்ற அணியில் 26 புள்ளிகள் பெற்றவர் இருபதே வயதான இவ்விளைஞர்.

இவருடைய உயரம் ஏறத்தாழ 224 சென்ரிமீற்றர். அதாவது ஏழடி நான்கங்குலம். அந்த உயரத்தைக் கண்டு உலகம் வியக்கிறது. ஆனால் அவருக்குக் கிடைத்த மற்றப் பேறுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆட்டம் தெரிந்த தாய் இருந்தார். நடந்து பழகிய நாளிலிருந்து பந்து இருந்தது. கழகத்தில் பயிற்றுநர் இருந்தார், மருத்துவர் இருந்தார், சமதளமான, கூரையிட்ட ஆடுகளம் இருந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவருடைய வலத் தோளில் குருதிக்கட்டி கண்டறியப்பட்டபோது, ஆட்டத்தை நிறுத்திச் சிகிச்சையளிப்பதற்கு வேண்டிய ஏற்பாடுகள் யாவும் உடனிருந்தன. உயரம் வளரும்போதே அந்த உயரத்துக்குரிய பாதையும் அவருடன் சேர்ந்து வளர்ந்தது.

பாதை இல்லாத இடத்தில் பிறந்த உயரம் என்னவாகும்? இங்கேதான் தர்ஜினி சிவலிங்கத்தின் வரலாறு நமக்குத் தேவைப்படுகிறது.

தர்ஜினி 1979ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது போர் தொடங்கியது. வலிகாமத்து மக்கள் தம் ஊர்களை விட்டுக் கூட்டம் கூட்டமாகத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்த 1995ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்கு வயது பதினாறு. நான்தேரின் சிறுவர் தொழில்முறை வீரராகிவிட்ட வயதை அவர் அப்போதுதான் கடந்திருந்தார். உயிரையும் புத்தகத்தையும் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடாக இருந்த காலம் அது. விளையாட்டரங்கையும் பயிற்றுநரையும் பற்றி எண்ணுவதற்கு அங்கு எவருக்கு ஓய்விருந்தது?

இதற்கிடையில் அவர் வளர்ந்துகொண்டேயிருந்தார். 208 சென்ரிமீற்றர், அதாவது ஆறடி பத்தங்குலம், வளர்ந்தார். அந்த உயரத்தின் பொருட்டுச் சிறு வயதில் கேலிக்கு ஆளானதை அவரே பிற்காலத்தில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். மட்டக்களப்பு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றார். பின்னர் கொழும்பில் வலைப்பந்தாட்டம் அவரைத் தனதாக்கிக்கொண்டது.

வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டத்தின் தங்கை. 1891ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆடுவதற்கென்று, பழக்கூடைகளை உயரே மாட்டிப் பந்தை அவற்றுள் போடும் ஆட்டத்தை வகுத்தார். சில ஆண்டுகளில் அது இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்குச் சென்று, அங்கு உருமாறி வலைப்பந்தாட்டமாயிற்று. ஆங்கிலப் பெண்கள் பாடசாலைகளின் வழியாக அது இலங்கைக்கும் வந்தது. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ண் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றபோது, பங்குபற்றிய பதினொரு அணிகளுள் இலங்கையும் ஒன்று.

இவ்விரு ஆட்டங்களிலும் வளையம் நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கிறது. ஆனால் வலைப்பந்தாட்டத்தில் வளையத்துக்குப் பின்னே பலகை இல்லை. பந்தைப் பலகையில் மோதவிட்டு உள்ளே விழச்செய்யும் வசதி கிடையாது. வளையத்தின் குறுக்களவு 38 சென்ரிமீற்றர். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் பெற்ற பந்தை மூன்று வினாடிக்குள் விடுத்துவிட வேண்டும். ஓர் அணியின் எழுவருள் கோல் போடும் உரிமை இருவருக்கே உண்டு. அவர்களும் வளையத்தின் முன்னுள்ள அரைவட்டத்தினுள் நின்றே எறிய வேண்டும்.

ஆகவே இந்த ஆட்டத்தில் உயரம் பெருந்துணையே. ஆயினும் உயரம் மட்டும் கோல் ஆகாது. எதிரணியின் தடுப்பாளர் நெருங்கி நிற்கையில் உடலை அசையாது நிலைநிறுத்த வேண்டும். தலைக்கு மேலே வரும் பந்தைத் தவறவிடாது பற்ற வேண்டும். மூன்று வினாடிக்குள் மனத்தை அடக்கி, மணிக்கட்டின் சிறு அசைவினால் பந்தை வளையத்தின் நடுவே இறக்க வேண்டும். ஒரே எறிதலை ஆயிரம் முறை, பதினாயிரம் முறை செய்து பழகிய கைக்கே அது வாய்க்கும்.

தர்ஜினியின் கை அவ்வாறு பழகிய கை. 2009ஆம் ஆண்டு இலங்கை ஆசியச் சம்பியனாயிற்று. அவ்வணியின் கோல் போடும் பெரும் பொறுப்பு அவரிடமே இருந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. முப்பது வயது என்பது பல வீராங்கனைகள் விடைபெறும் வயது. 2011இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகச் சம்பியன் போட்டியில் சிறந்த கோல் எறிபவர் என்ற பெயரைப் பெற்றார். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலுள்ள சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் கழகம் அவரை அழைத்துத் தன் அணியில் ஆடச் செய்தது. உலகிலேயே வலைப்பந்தாட்டம் மிகச் சிறந்து விளங்கும் நாடு அவுஸ்திரேலியா. ஈவினையில் கேலிக்குள்ளான உயரத்தை அந்நாட்டுக் கழகம் விரும்பிக் கேட்டுப் பெற்றது.

2009க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் ஆசியக் கிண்ணம் இலங்கைக்கு எட்டவில்லை. 2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில், சிங்கப்பூர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 69க்கு 50 என்ற கணக்கில் வென்று இலங்கை அக்கிண்ணத்தை மீட்டது. அணியின் தலைவி சத்துரங்கி ஜயசூரிய. வளையத்தின் கீழே நின்றவர் முப்பத்தொன்பது வயதான தர்ஜினி. மறுஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி. அங்கு சிங்கப்பூருடனான ஓர் ஆட்டத்தில் இலங்கை 88க்கு 50 என்று வென்றது. அந்த 88 கோல்களுள் 76 தர்ஜினியின் கையிலிருந்து சென்றவை. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஜமெய்க்கா முதலிய பேரணிகளின் வீராங்கனைகள் யாவரும் ஆடிய அப்போட்டித் தொடரில், மிகக் கூடிய கோல்களைப் போட்டவர் அவரே. 2022இல் இலங்கை மீண்டும் ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கருத வேண்டும். 76 கோல்களைப் போட்டவர் தர்ஜினி. ஆயினும் அவற்றுள் ஒரு பந்தையேனும் அவர் களத்தின் மறுமுனையிலிருந்து தாமே கொண்டுவந்திருக்க முடியாது. ஆட்ட விதி அதற்கு இடந்தராது. கோல் போடுபவர் தம் அந்தலையிலுள்ள மூன்றிலொரு பங்கு நிலத்தை விட்டு வெளியே வரலாகாது. எனவே ஒவ்வொரு பந்தும் தோழியர் கைமாற்றிக் கைமாற்றி, எதிரணியின் கைகளுக்கு எட்டாத உயரத்தில், அவருக்கு எட்டும் இடத்தில் எறிந்து கொடுத்த பந்து. அத்தோழியருள் பெரும்பாலோர் சிங்களப் பெண்கள். போரின் நினைவுகள் ஆறாத ஒரு நாட்டில், யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியின் கைகளை நோக்கி அவர்கள் பந்தை எறிந்தார்கள். அவர் அதைத் தவறவிடவில்லை. மேடைகளில் பேசப்படும் ஒற்றுமை, அறுபது நிமிட ஆட்டத்தில், பேச்சின்றிச் செயலாகியது. அதற்காக அந்நாட்டின் துன்பங்கள் தீர்ந்துவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார். ஆனால் ஒருவர் திறமையை மற்றவர் நம்பினால் என்ன நிகழும் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

இனி இரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பிரான்சு இளைஞர் பதினைந்து வயதில் தொட்ட படியை, நம் நாட்டுப் பெண்மணி அதற்கு இருமடங்கு வயதில் தொட்டார். இருவருக்கும் உயரம் இருந்தது; இருவருக்கும் உழைப்பும் இருந்தது. இடையிலிருந்த பதினைந்து ஆண்டு வேற்றுமைக்கு ஆடுகளமும் பயிற்றுநரும் அமைதியுமே காரணம். தர்ஜினி காலந்தாழ்ந்தேனும் வந்து சேர்ந்தார். வந்து சேராதவர்கள் எத்தனை பேர்? தோளைக் குறுக்கியபடியே வாழ்ந்து முடித்த எத்தனை பெண்களை நாடு ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்க்கவில்லை? அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமையால் இந்த நட்டத்தை எவராலும் கணக்கிட முடியாது.

தெமோதரைப் பகுதி மக்களுக்கு உயரத்தைப் பற்றிப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையை அமைத்தோர் இங்கு வந்தபோது, மலையின் உயர வேறுபாட்டை நேரே கடக்க வழி காணவில்லை. எந்தப் புகையிரதமும் அவ்வளவு சரிவைத் தாங்காது. ஆகவே பாதையை மலையைச் சுற்றி வளைத்து, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் குடைந்து, சென்ற பாதைக்குக் கீழேயே மறுபடியும் செல்லும்படி அமைத்தார்கள். தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக்கொண்ட ஒரு கங்காணியைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த எண்ணம் தோன்றியதென்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1924இல் பதுளைக்கு வண்டி போய்ச் சேர்ந்தது. உயரத்தை மலை தந்தது. பாதையை மனிதர் கண்டனர். பிள்ளைகளின் உயரத்துக்கும் இதுவே முறை.

அந்தப் பாதையை அமைக்கப் பெருஞ்செல்வம் வேண்டுமோ என்று கேட்கலாம். கூடைப்பந்தாட்டத்துக்குப் பலகையும் சீமெந்துத் தளமும் வேண்டும். வலைப்பந்தாட்டத்துக்கு வேண்டுவன குறைவு. நூறடி நீளமும் ஐம்பதடி அகலமும் கொண்ட சமதளமான நிலம், இரு கம்பங்கள், இரு வளையங்கள், ஒரு பந்து. மலைச்சரிவில் கட்டப்பட்ட தோட்டப் பாடசாலைகளில் அந்த நூறடி நிலமே கிடைப்பது அரிது என்பது மெய். முழுக்களம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. பாடசாலை வாயிலில் ஒரு கம்பத்தை நட்டு, பத்தடி உயரத்தில் ஒரு வளையத்தைப் பொருத்தி, அதன் முன்னே பதினாறடி ஆரையில் ஓர் அரைவட்டம் கீறினால் போதும். கோல் எறிந்து பழக அதற்கு மேல் எதுவும் வேண்டாம். நாளொன்றுக்கு நூறு எறிதல். எத்தனை உள்ளே விழுந்தன என்று ஒரு கொப்பியில் குறிப்பு. ஓராண்டு இவ்வாறு பழகிய சிறுமி, வலயப் போட்டிக்கு எந்தப் பெரிய பாடசாலையின் எதிரே சென்று நின்றாலும் அஞ்ச மாட்டாள். களத்தை அமைத்துத் தருவது கல்வித் திணைக்களத்தினதும் தோட்ட நிருவாகத்தினதும் கடமை. அக்கடமையை நினைவூட்டிக் கேட்பதற்கு முன்னோடியாக ஒரு கம்பத்தை நடுவது பெற்றாரும் ஆசிரியரும் செய்யக்கூடியது.

உயரமான பிள்ளைகள் யாவரும் வீராங்கனைகளாவர் என்பது இதன் பொருளன்று. குட்டையான பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதும் பொருளன்று. வலைப்பந்தாட்டத்தில் களத்தின் நடுவே நின்று மற்றெல்லோரினும் அதிகம் ஓடுபவருக்கு உயரத்தைக் காட்டிலும் விரைந்த காலும் கூர்ந்த கண்ணுமே வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இயற்கை ஏதோ ஓர் அளவைத் தந்திருக்கிறது. அந்த அளவைக் குறையென்று சொல்லிப் பழக்குவதா, அதற்குரிய இடத்தைக் காட்டிக் கொடுப்பதா என்பது பெரியோர் கையில் உள்ளது. விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு நம் நாட்டில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது; நம் வலைப்பந்தாட்ட வீராங்கனைகள் வங்கிகளிலும் படைகளிலும் பணியாற்றிக்கொண்டே ஆடுகின்றனர். ஆகவே படிப்பை விட்டுப் பந்தைப் பிடி என்று எவரும் சொல்ல வேண்டாம். தர்ஜினியும் பல்கலைக்கழகம் வரை படித்தவரே. படிக்கும் பிள்ளை நிமிர்ந்து நின்று படிக்கட்டும் என்பதே வேண்டுகோள்.

நேயர்களே, நாளைக் காலையும் பாடசாலைகளில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பின்வரிசையின் கடைசியில் தோளைக் குறுக்கி நிற்கும் அந்தச் சிறுமியைப் பெயர் சொல்லி முன்னே அழையுங்கள். அவள் கையில் ஒரு பந்தைக் கொடுங்கள். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. அதை எறிவதற்கு அவள் நிமிர்ந்தேயாக வேண்டும்.